மேடைப் பேச்சைக் கேட்டு வந்து வீட்டில் பிரித்துப் பார்ப்பது எப்படி? முதல் ஓட்டுப் போடுபவர்களுக்கு

கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தில் ஒரு பொதுக்கூட்டம். பத்து மணிக்கு மேல் மைக் போடக்கூடாது என்பதால் தலைவர் கடைசிப் பகுதியை ஓட்டமாக ஓட்டி முடித்தார். கூட்டம் கலைந்து பாரதி சாலைப் பக்கம் நடந்துகொண்டிருந்தோம். கூட வந்தவள் என் அண்ணன் மகள், 19 வயது, முதல் ஓட்டு. "சூப்பரா பேசினாருல்ல சித்தப்பா" என்றாள். சரி, என்ன சொன்னார் என்று கேட்டேன். நாலு அடி நடந்தாள். "நம்ம ஊரையே மாத்திக் காட்டுவேன்னு சொன்னாரு." எப்படி மாற்றுவாராம்? "அது சொல்லலியே."

ஐம்பது நிமிடம் பேசியிருக்கிறார், இரண்டு பேரும் கை தட்டியிருக்கிறோம். எதற்குத் தட்டினோம் என்று அவளுக்கும் தெரியவில்லை, அந்த நேரத்தில் எனக்கும் சட்டென்று சொல்ல வரவில்லை. இவ்வளவுக்கும் நான் தமிழ்ச் சுருக்கெழுத்து படித்தவன். சில வருடங்கள் கூட்டங்களுக்குப் போய்ப் பேச்சை எடுத்து, அன்று இரவே விரித்து எழுதிக் கொடுத்திருக்கிறேன். குரலும் கூட்டமும் விளக்கும் இல்லாமல் வெறும் தாளில் ஒரு பேச்சைப் பார்க்கும்போதுதான் அது எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று தெரியும். அந்த வேலையில் நான் கற்றுக்கொண்டதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். எந்தக் கட்சிக் கூட்டத்துக்குப் போனாலும் இது உதவும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நன்றாகப் பேசுவது ஏமாற்று வேலை என்று நான் சொல்ல வரவில்லை. புதுச்சேரியில் 1936 ஜூலை 30 அன்று ஆலைத் தொழிலாளர்கள் 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 8 மணி நேர வேலை அங்கே சட்டமானது அடுத்த வருடம். அதற்கு முன்னால் எத்தனை வாயிற்கூட்டம், எத்தனை பேச்சு நடந்திருக்கும்! ஆனால் அந்தக் கோரிக்கையைப் பாருங்கள்: 8 மணி நேரம். ஒரு எண் இருக்கிறது, யார் தர வேண்டும் என்பது தெரிகிறது, கிடைத்ததா இல்லையா என்பதை மறுநாள் சங்கு ஊதும்போது பார்த்துக்கொள்ளலாம். நல்ல பேச்சு நம்மை இப்படி ஒரு இடத்தில் கொண்டுபோய் நிறுத்தும். நம்மை ஆட்டிவைக்கிற பேச்சு கேட்கிறவரை சூடாக இருக்கும், வீட்டுக்கு வந்து பார்த்தால் கையில் எதுவும் இருக்காது.

முதல் படி: போவதற்கு முன்னால்

ஒரு சின்ன நோட்டு, பேனா. செல்போனில் பதிவு செய்யலாம், ஆனால் அது மட்டும் போதாது, ஏனென்றால் திரும்பக் கேட்டால் அதே குரல் அதே வேலையைத் திரும்பவும் செய்யும். சாப்பிட்டுவிட்டுப் போங்கள். தலைவர் ஆறு மணிக்கு என்றால் எட்டரைக்குத்தான் வருவார். அதுவரை பாட்டு, உள்ளூர்ப் பேச்சாளர்கள், "இதோ வந்துகொண்டிருக்கிறார், செம்மண்டலம் தாண்டிவிட்டார்" என்று ஐந்து முறை அறிவிப்பு. பசியும் காத்திருப்பும் சேர்ந்தால் அவர் மேடை ஏறியதும் வருகிற நிம்மதியையே அவர் பேச்சுக்கான மரியாதை என்று மனசு எடுத்துக்கொள்ளும். ஓரமாக நில்லுங்கள். நடுவில் நின்றால் பக்கத்தில் இருப்பவர் தட்டும்போது உங்கள் கையும் தட்டிவிடும்.

கை தட்டல் எழும் இடத்தில் நோட்டில் ஒரு கோடு போடுங்கள், அதற்கு முந்தைய வாக்கியத்தை மட்டும் எழுதுங்கள். முழுப் பேச்சும் வேண்டாம். பேச்சாளர் எதற்குப் பாடுபட்டாரோ அது அந்த வாக்கியங்களில்தான் இருக்கும்.

இரண்டாம் படி: வாக்கியத்தின் வாலைப் பிடியுங்கள்

தமிழில் வினைமுற்று கடைசியில் வரும். நாம் வாக்கியத்தின் முதல் பாதியிலேயே உணர்ச்சிவசப்பட்டுக் கை தட்டிவிடுவோம், வினை அந்தச் சத்தத்தில் அமுங்கிவிடும். அதனால் முக்கியமாகக் கடைசி வார்த்தையை எழுதுங்கள். "தொடங்குவோம்", "தொடங்கப்படும்", "தொடங்க நடவடிக்கை எடுக்கப்படும்", "தொடங்குவது குறித்துப் பரிசீலிக்கப்படும்" என்ற நான்குக்கும் கிடைக்கிற கை தட்டல் ஒன்றுதான், ஆனால் ஒவ்வொன்றாக இறங்கி வரும்போது பொறுப்பும் ஒரு படி கீழே இறங்குகிறது. கடைசி வாக்கியத்தில் பரிசீலிப்பவர் யார் என்று தேடிப் பாருங்கள், கிடைக்கமாட்டார்.

கெட்டது நடந்ததைச் சொல்லும்போது இது இன்னும் நன்றாகத் தெரியும். "தாமதம் ஏற்பட்டுவிட்டது", "அசம்பாவிதம் நடந்துவிட்டது", "சில குறைபாடுகள் இருந்திருக்கலாம்" என்பார்கள். ஏதோ மழை பெய்த மாதிரி அது தானாக ஏற்பட்டிருக்கும், தானாக நடந்திருக்கும். பாலம் கட்டியதைச் சொல்லும்போது மட்டும் "கட்டினோம்" என்று ஆள் முன்னால் வந்து நிற்பார்.

பழகுவதற்காக நானே ஒரு பேச்சு எழுதி அண்ணன் மகளிடம் கொடுத்தேன். இதை எந்தத் தலைவரும் பேசவில்லை, எல்லா மேடையிலும் கேட்கிற வாக்கியங்களைச் சேர்த்துக் கட்டியது:

"தாய்மார்களே, பெரியோர்களே! இந்த மண்ணுக்கு நாங்கள் பாலம் தந்தோம், பள்ளி தந்தோம், பாதை தந்தோம். இன்றைய நிதிநிலைமை உங்களுக்கே தெரியும், நாம் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பாதாளச் சாக்கடைப் பணியில் சில தாமதங்கள் ஏற்பட்டுவிட்டன. அதற்குக் காரணமானவர்கள் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. எதிர்த்து நிற்பவருக்கு எங்கேயோ பெரிய தோட்டமே இருக்கிறதாம், ஊரே பேசிக்கொள்கிறது. இந்தக் கெடிலம் ஆறு சாட்சியாகச் சொல்கிறேன், வரும் ஆட்சியில் இந்த ஊர் இன்னொரு சிங்கப்பூர் ஆகும். ஆகுமா, ஆகாதா?"

ஆகும் என்று கூட்டம் கத்தும். கடைசிக் கேள்வி அதற்காகவே வைக்கப்பட்டது. சிங்கப்பூர் ஆக்குவது அவருடைய வாக்குறுதியாக இருந்தது, நம் வாயால் "ஆகும்" என்று சொன்னதும் அது நம்முடைய நம்பிக்கையாகிவிட்டது. 2014, 2016 தேர்தல்களில் ஜெயலலிதா மேடைதோறும் "செய்வீர்களா? நீங்கள் செய்வீர்களா?" என்று கேட்டது நினைவிருக்கும். மைதானமே பதில் சொல்லும். வாய்விட்டுச் சொன்னதிலிருந்து பின்வாங்குவது மனிதனுக்குக் கஷ்டம், அதுவும் பத்தாயிரம் பேரோடு சேர்ந்து சொன்னதிலிருந்து.

மூன்றாம் படி: நாம், நாங்கள்

இந்தப் படியை அவசரமில்லாமல் படியுங்கள். பல மொழிகளில் இல்லாத ஒரு வசதி தமிழில் இருக்கிறது. கேட்பவரைச் சேர்த்துச் சொன்னால் "நாம்", சேர்க்காமல் சொன்னால் "நாங்கள்". சின்ன வயதிலிருந்து பேசுவதால் நமக்கு இது கவனத்தில் படுவதே இல்லை. மேடையில் பேசுகிறவருக்கு இது கத்தி மாதிரி, வேண்டிய இடத்தில் நம்மை உள்ளே இழுக்கும், வேண்டாத இடத்தில் வெளியே தள்ளும்.

மேலே உள்ள பேச்சில் பாலம், பள்ளி, பாதை எல்லாவற்றையும் தந்தது "நாங்கள்". அது நம் வரிப்பணம்தானே, அங்கே "நாம் கட்டினோம்" என்று ஏன் வரவில்லை? அடுத்த வாக்கியத்தில் கஷ்டம் வந்ததும் "நாம் பொறுத்துக்கொள்ள வேண்டும்". பெருமையில் பங்கு இல்லை, பொறுமையில் மட்டும் பங்கு. இரண்டு வாக்கியமும் தனித்தனியாகக் கேட்டால் இயல்பாக இருக்கும். சேர்த்து எழுதிப் பார்த்தால்தான் ஆள் மாறியது தெரியும்.

பயிற்சி இதுதான். நோட்டில் பக்கத்தை இரண்டாக மடித்து இடது பக்கம் "நாங்கள்", வலது பக்கம் "நாம்" என்று போட்டு, ஒவ்வொன்றும் எந்த வினையோடு வருகிறது என்று எழுதிக்கொண்டே போங்கள். அண்ணன் மகள் அடுத்த கூட்டத்தில் இதைச் செய்தாள். இடது பக்கத்தில் தந்தோம், வென்றோம், கட்டினோம், ஒழித்தோம். வலது பக்கத்தில் பொறுக்க வேண்டும், ஒன்றுபட வேண்டும், விழிப்பாக இருக்க வேண்டும், மறக்கக் கூடாது. நோட்டை என்னிடம் காட்டும்போது அவள் முகத்தில் இருந்தது கோபமும் சந்தோஷமும் கலந்த ஒன்று, எனக்கு அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

மூன்றாவதாக "அவர்கள்" என்று ஒரு பத்தியும் போடலாம். யார் அந்த அவர்கள் என்று பெயர் வருகிறதா, கட்சியா, சாதியா, மதமா, வெளியூரிலிருந்து வேலைக்கு வந்தவர்களா, அல்லது கடைசிவரை வெறும் "அவர்கள்"தானா என்று பாருங்கள். பெயர் சொல்லாத "அவர்கள்" மேல்தான் எல்லாக் கோபத்தையும் ஏற்ற முடியும், அவர்களால் வந்து மறுக்கவும் முடியாது. பக்கத்துத் தெருவில் இருக்கிற மக்களைச் சுட்டி "அவர்கள்" வந்தால் நான் அந்த இடத்திலேயே கூட்டத்தைவிட்டு எழுந்து வந்துவிடுவேன். உங்களுக்கும் அதைத்தான் சொல்வேன்.

நான்காம் படி: "ஆம்" என்ற இரண்டெழுத்து வதந்தி

"தோட்டம் இருக்கிறது" என்று சொன்னால் அது குற்றச்சாட்டு, நிரூபிக்கச் சொல்லலாம், வழக்குப் போடலாம். "இருக்கிறதாம்" என்றால் நான் கேள்விப்பட்டேன் என்று அர்த்தம். நம் இலக்கணமே பேச்சாளருக்கு ஒரு பின்வாசல் திறந்து வைத்திருக்கிறது. ஆனால் வீட்டுக்குப் போகிற வழியில் அந்த "ஆம்" உதிர்ந்துவிடும், அடுத்த நாள் டீக்கடையில் "அவருக்குத் தோட்டம் இருக்கு தெரியுமா" என்று நாமே சொல்லிக்கொண்டிருப்போம். "பேசிக்கொள்கிறார்கள்", "ஊருக்கே தெரியும்", "நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா" எல்லாம் இதே வீட்டுப் பிள்ளைகள். சொல்லாமல் விட்டதை நாமே நிரப்பிக்கொள்கிறோம், நாமே கண்டுபிடித்ததாக நினைப்பதால் அதன் மேல் சந்தேகமும் வராது.

அது திரும்பத் திரும்ப வந்தால் இன்னும் மோசம். 1977இல் ஹாஷர், கோல்ட்ஸ்டைன், டொப்பினோ என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் இரண்டு வார இடைவெளியில் மூன்று முறை சில கூற்றுகளைக் கொடுத்து, எது உண்மையாக இருக்கும் என்று மதிப்பிடச் சொன்னார்கள். திரும்ப வந்த கூற்றுகளை, அவை உண்மையோ பொய்யோ, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் அதிகமாக நம்பினார்கள். பழக்கப்பட்டது உண்மை மாதிரி ஒலிக்கிறது. ஆட்டோவில் ஒரே வாசகம் பத்து நாள் தெருத்தெருவாகப் போவது இதற்குத்தான்.

தோட்டம் விஷயத்தைச் சரிபார்க்க முடியும். வேட்பாளர் ஒவ்வொருவரும் வேட்புமனுவோடு படிவம் 26 என்ற பிரமாணப் பத்திரம் தர வேண்டும். நிலம், வீடு, நகை, கடன், நிலுவையில் உள்ள குற்ற வழக்கு எல்லாம் அதில் வரும், தேர்தல் ஆணைய இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். பினாமி பெயரில் இருப்பது அதில் வராது, அது உண்மை. ஆனாலும் "இருக்கிறதாம்" என்று கேட்டவுடன் பத்து நிமிடம் செலவழித்து அந்தத் தாளைப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டால் பாதி வதந்தி நம் வீட்டு வாசலிலேயே நின்றுவிடும்.

ஐந்தாம் படி: பெயரை மாற்றிப் போட்டுப் பாருங்கள்

அரசு ஒரு குடும்பத்துக்கு மிக்ஸி கொடுக்கிறது. திட்டத்தைப் பிடிக்காதவர் இதை "இலவசம்" என்பார். 2011இல் வந்த அதிமுக ஆட்சி "விலையில்லா" மிக்ஸி என்று பெயர் வைத்தது. 2023 செப்டம்பரில் திமுக ஆட்சி பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரத் தொடங்கியபோது அதன் பெயர் "மகளிர் உரிமைத் தொகை". இலவசம் என்றால் வாங்குகிறவர் கை தாழ்ந்து இருக்கிறது. உரிமை என்றால் கேட்டு வாங்குகிற கை. எந்தச் சொல்லைச் சொல்கிறோமோ அந்தச் சொல்லே பாதித் தீர்ப்பை எழுதிவிடுகிறது. எனக்கு "உரிமை" என்ற சொல் பிடிக்கும், ஆனால் பிடிக்கிறது என்பதாலேயே அந்தத் திட்டத்தின் கணக்கைக் கேட்காமல் இருக்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

இப்படி நிறைய இருக்கிறது. மத்திய அரசு, ஒன்றிய அரசு. கட்டண உயர்வு, கட்டணச் சீரமைப்பு. ஆக்கிரமிப்பு அகற்றம், குடிசை இடிப்பு. கச்சத்தீவு பற்றிப் பேச்சு வந்தால் "தாரை வார்த்தார்கள்" என்ற சொல் கட்டாயம் வரும். 1974, 1976 ஆண்டுகளில் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தங்கள் அவை, தவறு என்று வாதாட நிறைய இடம் இருக்கிறது, தேவனாம்பட்டினத்து மீனவரிடம் கேட்டால் கடலில் எல்லை என்ன பாடு படுத்தும் என்று சொல்வார். ஆனால் "தாரை வார்த்தல்" என்றதுமே தானம், கன்னிகாதானம், தண்ணீர் ஊற்றிக் கொடுத்தல் எல்லாம் மனசில் வந்துவிடும். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தது, மீனவருக்கு என்ன உரிமை இருந்தது, எது போனது என்று யாரும் அப்புறம் படிக்கமாட்டார்கள்.

செய்ய வேண்டியது எளிது. எழுதி வைத்த வாக்கியத்தில் அந்தச் சூடான சொல்லை எடுத்துவிட்டு எதிர்த்தரப்பு சொல்கிற சொல்லைப் போட்டு வாசியுங்கள், பிறகு இரண்டும் இல்லாமல் நடந்ததை மட்டும் எழுதுங்கள்: யார், யாருக்கு, எவ்வளவு, எப்போது.

ஆறாம் படி: எதுகை மோனையைக் கழற்றுங்கள்

நம் காது எதுகைக்கு மயங்கும், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. வெளிநாட்டிலும் அப்படித்தான். 2000ஆம் ஆண்டில் மெக்லோன், தோஃபிபக்ஷ் என்ற இரண்டு பேர், ஒரே பொருளுள்ள பழமொழிகளை எதுகையோடும் எதுகை இல்லாமலும் கொடுத்துப் பார்த்தார்கள். எதுகையோடு இருந்ததை மக்கள் கூடுதல் உண்மை என்று சொன்னார்கள். தமிழ் மேடையில் இதைச் சொல்லவா வேண்டும்! "பாலம், பள்ளி, பாதை" மூன்றும் "பா", "ப" என்று வருவதால் ஒரு ஆட்சிக்காலத்தின் முழுக் கணக்கு மாதிரி ஒலிக்கிறது. ஆஸ்பத்திரி அந்த வரிசையில் ஏன் இல்லை? மோனைக்கு ஒத்துவரவில்லையா, கட்டவே இல்லையா?

இதற்காக அடுக்குமொழி எல்லாமே வெறும் சத்தம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். 1967 தேர்தலில் திமுக சொன்னது "ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்". அடுக்குமொழிதான், ஆனால் உள்ளே எண் இருக்கிறது, ஆசை எது, உறுதி எது என்று அவர்களே பிரித்துச் சொல்லியிருக்கிறார்கள். வென்ற பிறகு ரூபாய்க்கு ஒரு படி என்பதை முதலில் சென்னையிலும் கோவையிலும் கொண்டுவந்தார்கள், மாநிலம் முழுக்க ஏன் வரவில்லை என்று மக்கள் கேட்கவும் முடிந்தது. அந்தக் கேள்விக்குப் பிடிமானம் கொடுத்ததே அந்த வாசகம்தான். "சிங்கப்பூர் ஆகும்" என்பதை வைத்துக்கொண்டு ஐந்து வருடம் கழித்து என்ன கேட்பீர்கள்?

ஏழாம் படி: எண்ணுக்கு ஒரு வகுத்தல்

பெரிய எண்ணைக் கேட்டால் மயங்காமல் வகுத்துப் பாருங்கள். கடலூர் மாநகராட்சிக்கு 45 கோடி என்று ஒருவர் மேடையில் சொன்னதாக வைத்துக்கொள்வோம். 45 வார்டு இருக்கிறது. வார்டுக்கு ஒரு கோடி. ஐந்து வருடத்துக்கு என்றால் வருடத்துக்கு வார்டுக்கு 20 லட்சம். உங்கள் வார்டில் எத்தனை தெரு என்று எண்ணினால் உங்கள் தெருவுக்கு வருவது கையடக்கமாகத் தெரியும்.

அப்புறம் "ஒதுக்கினோம்" என்பது வேறு, "செலவழித்தோம்" என்பது வேறு. பட்ஜெட்டில் முதலில் மதிப்பீடு வரும், அப்புறம் திருத்திய மதிப்பீடு, கடைசியில் கணக்கு. மேடையில் வருவது எப்போதும் முதல் எண்.

எண்ணையே கூட எந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறார்கள் என்று பாருங்கள். 1981இல் ட்வெர்ஸ்கியும் கானமனும் ஒரு கேள்வி கேட்டார்கள். 600 பேரைத் தாக்கக்கூடிய நோய். ஒரு திட்டத்தில் 200 பேர் நிச்சயம் பிழைப்பார்கள், இன்னொன்று எல்லோரும் பிழைக்க மூன்றில் ஒரு வாய்ப்பு உள்ள சூதாட்டம். 72 சதவீதம் பேர் முதல் திட்டத்தை எடுத்தார்கள். அதே திட்டத்தை வேறொரு குழுவிடம் "400 பேர் நிச்சயம் இறப்பார்கள்" என்று சொன்னபோது அதை எடுத்தவர்கள் 22 சதவீதம்தான். கணக்கு ஒன்றே, சொன்ன பக்கம் மட்டும் மாறியது. அதனால் "பத்தில் ஏழு தெருவுக்குத் தண்ணீர் வந்துவிட்டது" என்று கேட்டால், வராத மூன்று தெரு எது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

எட்டாம் படி: அவர் கையில் அது இருக்கிறதா?

இதற்குப் புதுச்சேரியைவிட நல்ல பாடம் கிடையாது. அங்கே எந்தத் தேர்தல் மேடையிலும் "மாநில அந்தஸ்து பெற்றே தீருவோம்" என்பது வரும். சட்டமன்றம் பல முறை தீர்மானமும் போட்டிருக்கிறது. கோரிக்கையில் நியாயம் இருக்கிறது என்பது என் கருத்து, ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த அரசு ஒவ்வொரு கோப்புக்கும் துணைநிலை ஆளுநர் பக்கம் பார்க்க வேண்டியிருப்பது யாருக்குத்தான் பிடிக்கும். ஆனால் அந்தஸ்து கொடுக்க வேண்டியது நாடாளுமன்றம், அதற்குச் சட்டம் இயற்ற வேண்டும். புதுச்சேரிக்கு மக்களவையில் ஒரு உறுப்பினர், மாநிலங்களவையில் ஒருவர். ஆக, "பெற்றே தீருவோம்" என்று கேட்டால் அடுத்த கேள்வி: டெல்லியில் உங்கள் கட்சி, உங்கள் கூட்டணி இதற்கு என்ன செய்தது, அங்கே என்ன பேசியது? தன் கையில் இல்லாததை உறுதியாகச் சொல்வது சுலபம், நடக்காவிட்டால் பழியை வேறொருவர் மேல் போட்டுவிடலாம்.

ஒவ்வொரு வாக்குறுதிக்கும் பக்கத்தில் எழுதுங்கள்: வார்டா, மாநகராட்சியா, மாநிலமா, டெல்லியா. கடலூர்க்காரர்களுக்கும் புதுச்சேரிக்காரர்களுக்கும் இன்னொரு வசதி உண்டு. 2021 ஏப்ரல் 6 அன்று இரண்டு பக்கமும் ஒரே நாளில் வாக்குப்பதிவு நடந்தது. அப்படி வரும்போது ஒரே கட்சி எல்லையில் இருக்கிற கன்னியக்கோயிலுக்கு அந்தப் பக்கம் ஒன்றும் இந்தப் பக்கம் வேறொன்றும் பேசுகிறதா என்று அரைமணி நேரப் பேருந்துப் பயணத்தில் தெரிந்துகொள்ளலாம். இரண்டு பேச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஒரே வேலைக்கு எத்தனை முறை கை தட்டினோம் என்பதையும் குறித்துவையுங்கள். சட்டமன்றத்தில் அறிவிப்பு (விதி 110இன் கீழ் என்றால் அதன் மேல் விவாதமும் கிடையாது), அப்புறம் அரசாணை, அப்புறம் ஒப்பந்தப்புள்ளி, அடிக்கல், கடைசியில் திறப்பு. ஐந்து கட்டத்திலும் விழா எடுக்கலாம், பேசலாம். அடிக்கல்லில் போட்ட தேதியைச் செல்போனில் படம் எடுத்து வைத்திருந்தால் அது பின்னால் பேசும்.

ஒன்பதாம் படி: துண்டு வீடியோ

இது நான் செய்த தவறு. ஒரு வேட்பாளர் "இந்தத் தெருவுக்குத் தண்ணீர் தரவே தேவையில்லை" என்று பேசுகிற பதினைந்து விநாடி வீடியோ வந்தது. கோபத்தில் குடும்பக் குழுவிலும் தெருக் குழுவிலும் நான்தான் அனுப்பினேன். மறுநாள் முழுப் பேச்சு கிடைத்தது. அவர் சொன்னது: "இந்தத் தெருவுக்குத் தண்ணீர் தரவே தேவையில்லை என்று சில அதிகாரிகள் சொல்கிறார்கள், நான் அதை ஏற்கமாட்டேன்." தமிழில் "என்று" அப்புறம்தான் வரும், மறுப்பும் கடைசியில்தான் வரும். வாலை வெட்டினால் அர்த்தம் தலைகீழாகிவிடும், வெட்டியது காதுக்குத் தெரியவே தெரியாது. இரண்டு குழுவிலும் திருத்தம் போட்டேன். ஆனால் முதல் வீடியோ அதற்குள் எங்கெங்கோ போய்விட்டது, என்னால் எல்லா இடத்துக்கும் துரத்திப் போக முடியவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு வலிக்கிறது.

அதனால் துண்டு வீடியோ வந்தால் முன்னால் ஒரு நிமிடம், பின்னால் ஒரு நிமிடம் கிடைக்கும்வரை அனுப்பாதீர்கள். கிடைக்கவில்லை என்றால் அனுப்பவே வேண்டாம்.

பத்தாம் படி: பிடித்த கட்சிக்கும் இதே நோட்டு

கஷ்டமான படி. எதிர்க்கட்சிக்காரர் பேச்சில் ஓட்டை கண்டுபிடிப்பது இன்பமாக இருக்கும், நம் ஆள் பேசும்போது நோட்டு தானாக மூடிக்கொள்ளும். நான் சொல்கிற வழி: முதல் மூன்று கூட்டங்களில் ஒன்றாவது நீங்கள் ஓட்டுப் போட நினைக்கிற கட்சியின் கூட்டமாக இருக்கட்டும், எழுதிய வாக்கியங்களில் கட்சிப் பெயரை அடித்துவிட்டு ஒரு வாரம் கழித்து எடுத்துப் பாருங்கள். அப்போதும் நன்றாக இருந்தால் தாராளமாக நம்புங்கள். நம்பிக்கை கெட்டது என்று நான் நினைக்கவில்லை, ஓட்டுப் போட நம்பிக்கை வேண்டும்.

தேர்தல் அறிக்கையையும் கையில் எடுங்கள். 2013இல் உச்ச நீதிமன்றம் சொன்னதைத் தொடர்ந்து தேர்தல் ஆணையம் ஒரு வழிகாட்டுதல் வைத்தது: வாக்குறுதிக்கான காரணமும் அதற்கான பணம் எங்கிருந்து வரும் என்பதும் அறிக்கையில் தெரிய வேண்டும். உங்கள் கட்சி அறிக்கையில் அந்தப் பத்தி எங்கே இருக்கிறது என்று தேடுங்கள்.

பேசியபடி வேலை நடந்ததா என்று தெரிய வேண்டுமென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம். மாநில அலுவலகம் என்றால் 10 ரூபாய் கட்டணம், பொதுத் தகவல் அலுவலர் பெயருக்கு மனு, 30 நாளில் பதில் தர வேண்டும். "ஏன் செய்யவில்லை" என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் வராது. "இந்த வேலைக்கான அரசாணை எண், ஒதுக்கிய தொகை, செலவான தொகை, பணி ஆணை நகல்" என்று ஆவணமாகக் கேளுங்கள்.

கடைசியாக, வேட்பாளர் தெருவுக்கு வருவார். ஆரத்தி, துண்டு, பட்டாசு நடுவில் உங்களுக்குக் கிடைப்பது பத்து விநாடி. குற்றம் சாட்டாதீர்கள், கூட வருகிறவர்கள் உங்களைத் தள்ளிவிடுவார்கள். மரியாதையாக, எண்ணும் தேதியும் உள்ள ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அண்ணன் மகள் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் தெருமுனையில் கேட்டாள்: "ஐயா, சாக்கடை வேலையை நாம முடிக்கணுமா, நீங்க முடிப்பீங்களா? எந்த மாசம்?" அவர் ஒரு நொடி நின்றார். "நாங்க முடிப்போம்மா, பொங்கலுக்குள்ள" என்றார். அவள் அங்கேயே நின்று, அவர் பார்க்கும்படி, நோட்டில் அன்றைய தேதியைப் போட்டு எழுதிக்கொண்டாள்.